பெட்டி மறந்த எண்

பெட்டிக் கதவைத் திறந்ததும் அவிச்ச முட்டை வாசனை முகத்தில் அடித்தது. வெண்மதிக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. சமையற்கட்டில் வரவேண்டிய வாசனை குஞ்சு பொரிக்கிற பெட்டியில் வந்தால் யாருக்குத்தான் விளங்கும்?

தமிழ்ச்செல்வி ஒரு முட்டையை எடுத்துச் சுவரோரம் தட்டி உடைத்தாள். உள்ளே அலகும் நகமும் ஈர இறகுமாக முழுக்குஞ்சு ஒன்று வெந்து கிடந்தது. வெண்மதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னிக்கி பொரிய வேண்டியது" என்றாள் தமிழ்ச்செல்வி. "நேத்து காத வச்சுக் கேட்டேன், உள்ள கீச்சு கீச்சுன்னுச்சு. மாசாந்திர பராமரிப்புன்னு பகல் முழுக்க கரண்டு இல்ல. சாக்கப் போத்தி, சுடுதண்ணி பாட்டில் வச்சுக் காப்பாத்தினேன். சாயங்காலம் கரண்டு வந்துச்சு, நிம்மதியா போய்ப் படுத்துட்டேன். காலைல பார்த்தா அடுப்பா இருக்கு. இன்னா பெட்டி செஞ்சீங்க நீங்க?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தமிழ்ச்செல்வி சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற வழியில், நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்துப் பிழைக்கிறவள். பெட்டி கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்ரீதரின் பட்டறையில் செய்தது. அதன் மூளை, அதாவது விரல் நகம் அளவு சிப்புக்குள் ஓடுகிற புரோகிராம், வெண்மதி எழுதியது. அதில் அவளுக்குக் கர்வம் வேறு. புயலும் மின்வெட்டும் கூடப் பிறந்த ஊராயிற்றே! கரண்டு எப்போது போனாலும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து பெட்டி தொடர வேண்டும். அதற்காக எத்தனை டிகிரி சூடு, அடைகாப்பில் எத்தனையாவது நாள் என்பதையெல்லாம், கரண்டு இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதிவைக்கச் சொல்லியிருந்தாள். ஒரு நிமிஷம்கூட வீணாகாது என்று கடை கடையாகச் சொல்லிப் பெருமைப்பட்டவள்.

லேப்டாப்பை மாட்டி நினைவகத்தைப் படித்தாள். 37.7 என்று இருக்க வேண்டிய இடத்தில் 95 இருந்தது. திரும்ப 37.7 என்று எழுதினாள். திரும்பப் படித்தாள். 95. இன்னொரு தரம். அப்போதும் 95.

அடுத்த நொடி அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த நினைவகத்தில் ஒரே இடத்தில் லட்சம் தடவைதான் எழுதலாம். அதற்குமேல் எழுதினால் இடம் தேய்ந்துபோகும், எழுதினது நிற்காது. நிமிஷத்துக்கு ஒன்று என்று எழுதினால் எழுபது நாளில் லட்சம் தாண்டிவிடும்; அப்படி எழுதி எழுதி, காப்பாற்ற வேண்டிய எண்ணை அவளே தேய்த்துத் தீர்த்திருந்தாள். ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் பெட்டிக்குச் சரியான எண் ஞாபகம் இருக்கும். கரண்டு ஒருமுறை போய் வந்தால் தேய்ந்த இடத்தைப் படிக்கும். படித்ததை அப்படியே நம்பும். இரண்டு இடத்தில் எழுதி ஒத்துப்பார்ப்பது, முட்டைக்கு 95 டிகிரி ஆகுமா என்று ஒரு வரி கேட்பது, அதெல்லாம் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது.

ஸ்ரீதருக்குப் போன் போட்டாள். "அண்ணே, எல்லாப் பெட்டியும் இப்பிடித்தான் போவும். வாங்கினவங்களுக்கு உடனே சொல்லுங்க, யாரும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணக் கூடாது."

"முட்டப் பெட்டிக்கெல்லாம் சொல்லிடறேன்" என்றார் ஸ்ரீதர். "இன்னொண்ணு இருக்கு வெண்மதி. மஞ்சக்குப்பத்துல ஒரு நர்சிங் ஹோம். கொழந்தைங்கள வைக்கிற சூட்டுப் பெட்டி போர்டு போச்சுன்னு வந்தாங்க. அவசரம்னாங்க. நம்ம போர்டதான் மாத்திக் குடுத்தேன், மூணு மாசம் ஆச்சு. சூடுதானே, எல்லாம் ஒண்ணுதானேன்னு..."

வெண்மதியின் காலடியில் அந்த உடைந்த முட்டை கிடந்தது. ஆழம் தெரியாமல் காலை விடுவார்கள், சரி. அடுத்தவர் பிள்ளையை விடுவார்களா?

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்பே. நான் வேற இன்னிக்கி வெளியூர்ல இருக்கேன், நீதான் பேசணும்."

நம்பரை வாங்கி நர்சிங் ஹோமுக்கு அடித்தாள். ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"சூட்டுப் பெட்டில கொழந்த இருக்குதா?"

"இருக்கு. கொற மாசம். இன்னிக்கி இங்க ஷட்டவுன், இன்வெர்ட்டர்ல ஓடுது. மத்தியானம் ஜெனரேட்டருக்கு மாத்துவாங்க. நீங்க யாரு?"

இன்வெர்ட்டர் கரண்டை அறாமல் ஏந்திக்கொள்ளும். ஜெனரேட்டருக்கு மாற்றும்போது விளக்கு ஒருமுறை இமைக்கும். அந்த இமைப்பு போதும்.

"கொழந்தைய இப்பவே வெளிய எடுங்க. அம்மா நெஞ்சோட ஒட்ட வச்சு நல்லா போத்துங்க."

"நல்லாதானேம்மா ஓடுது! முப்பத்தாறரை காட்டுது. நீங்க யாருன்னு கேக்கறேன்?"

"அதுக்குப் புரோகிராம் எழுதினவ. தப்பா எழுதிட்டேன். கால்ல வேணா விழறேன், எடுத்துடுங்க."

கடலூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. புதுச்சத்திரம் தாண்டியும் நர்ஸ் குழந்தையை எடுத்தாளா, போனை வைத்துவிட்டுப் போய்விட்டாளா என்று தெரியவில்லை. அடிக்க அடிக்க எங்கேஜ்டாகவே இருந்தது. வள்ளலாரே என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

மஞ்சக்குப்பத்தில் இறங்கி ஓடினாள். அறைக்குள் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சத்யப்பிரியா என்று கட்டில் அட்டையில் எழுதியிருந்தது. அவள் நெஞ்சில், புடவைக்குள், உள்ளங்கை அகலத் தலை ஒன்று தெரிந்தது. அந்தத் தலை அசைந்ததைப் பார்த்த பிறகுதான் வெண்மதிக்கு மூச்சு வந்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள் நர்ஸ் கடுப்பாக. "டாக்டர் என்னைத்தான் திட்றாரு. பாருங்க, முப்பத்தாறரைதான் காட்டுது. ஒரு எழவும் இல்ல."

பெட்டி சாதுவாக நின்றது. உள்ளே வெள்ளை மெத்தையில், குழந்தை கிடந்த இடத்தில் சின்னக் குழி. பக்கத்தில் கழன்று விழுந்த கம்பளிக் குல்லா.

கீழே ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு அணைந்து எரிந்தது. பெட்டியின் எண் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு, நிதானமாக 95 என்று காட்டியது. மேலே ஹீட்டர் சிவந்தது.

வெண்மதி பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தாள். இரண்டு தரம் நழுவி மூன்றாம் தரம்தான் வந்தது. அதற்குள் நர்ஸ் உள்ளே கைவிட்டு அந்தக் குல்லாவை எடுத்தாள். எடுத்தவள் சூடு பொறுக்காமல் சட்டென்று கீழே போட்டுவிட்டாள்.

சத்யப்பிரியா குல்லாவைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். திட்டுவாள், அடிக்கக்கூட வருவாள் என்று வெண்மதி நின்றாள். அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தாள். பெட்டியை விட்டு அல்ல, வெண்மதியை விட்டு.