சுதாஜினிக்கு அவித்த உள்ளி

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு உள்ளிப்பூண்டு மலிந்திருந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்த கிழமையே நாகேஸ்வரி ஒரு பை நிறைய உள்ளியுடன் நெடுங்கேணியில் பஸ் ஏறினாள். உருத்திரபுரத்தில் மகள் சுதாஜினியின் வீட்டுப் படியில் கால் வைத்ததும் மருமகன் கோகுலனிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"தம்பி, பிள்ளைக்குப் பால் காணாது. உள்ளி அவிச்சுக் குடுத்துப் பாக்கிறன். அடுத்த கிழமை மருத்துவமாது மிஸ்ஸி வந்து நிறுக்கேக்க பிள்ளை நிறை கூடியிருக்கவேணும். இல்லாட்டி ரெண்டுபேரையும் என்னோட கொண்டுபோயிடுவன். மூண்டு மாசம்."

இந்த வீட்டில் தனியே சமைத்துத் தனியே தின்ற காலம் கோகுலனுக்குப் போதும் போதுமென்றாகியிருந்தது.

பெற்றவளுக்கு உள்ளிப் பால் கொடுப்பது ஊர் வழக்கம். உரித்த பல்லுகளைப் பசுப்பாலில் மசிய மசிய அவித்து, நற்சீரகமும் மிளகும் தூவுவார்கள். அவித்த உள்ளியில் காரம் இராது. மணம் மட்டும் போகாது. அந்த மணம் மூக்கில் பட்டாலே சுதாஜினிக்குக் குமட்டியது. கோப்பையைக் கணவனிடம் நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, அம்மா கிணத்தடிக்குப் போட்டா. கெதியாக் குடியுங்கோ."

"நானோ?"

"வேற ஆர்? பிள்ளையோ?"

காலையும் மாலையும் கோகுலன் குடித்தான். வெறுங்கோப்பையைக் கண்டு நாகேஸ்வரி பூரித்துப்போனாள். பள்ளிக்கூடத்தில் அவன் கணக்குப் படிப்பிக்க, முன்வரிசைப் பிள்ளைகளின் வாங்கு மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது. ஆனால் நெடுநாளாய் அவனைப் படுத்திய வாய்வு அடங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளைக்குக் கன்னம் வைக்கத் தொடங்கியதும் நாகேஸ்வரி உள்ளியை இரட்டிப்பாக்கினாள். கோகுலனுக்கு வாய்வு போய் நெஞ்செரிவு வந்தது.

நிறுக்கும் நாள் மருத்துவமாது பத்மாசனி வந்தாள். பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

"வடிவா ஏறியிருக்கு."

"உள்ளி, மிஸ்ஸி. என்ர கையால அவிச்சது," என்றாள் நாகேஸ்வரி.

கோகுலன் ஆறுதலாக ஒரு பெருமூச்சு விட்டான். பிழை அங்கேதான். அந்த மூச்சு அறை முழுக்கப் பரவியது.

நாகேஸ்வரியின் மூக்கு விரிந்தது. குனிந்து மகளின் வாயை மணந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. மருமகனுக்குக் கிட்ட வந்து நிற்காத மனுசி, அன்றைக்கு அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"தம்பி, நீங்களோ குடிச்சது?"

"ஓம் மாமி."

"முழுக்கவோ?"

"பாலாடையையும், மாமி."

பத்மாசனி சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்து முடித்தாள்.

"உள்ளி நல்ல சாப்பாடுதான் அம்மா. வாய்வுக்குக் கேக்கும். ஆனா பால் ஊறுறது பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான். உங்கட மகள் சோறு, மீன் எண்டு வடிவாச் சாப்பிடுறா. பிள்ளையும் விடாமல் குடிக்குது. வேற ஒண்டுமில்லை."

நாகேஸ்வரி உள்ளிப் பையை எடுத்து உதறினாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கப்போகிறாள் என்று கோகுலன் காத்திருந்தான்.

"அப்ப இவளைக் கொண்டுபோகத் தேவையில்லை."

கோகுலனுக்கு உயிர் வந்தது.

"ஆனா தாய் சொல்வழி கேக்காது. தேப்பன் களவாய்க் குடிக்குது. இதுகளை நம்பிப் பிள்ளையை எப்பிடி விட்டிட்டுப் போறது? நான் இஞ்சயே நிக்கிறன்."

"எவ்வளவு காலத்துக்கு மாமி?"

"ஏன் தம்பி, நான் நிண்டா உங்களுக்கு அந்தரமோ?"

சுதாஜினி பிள்ளையின் துணிக்குள் முகத்தை ஒளித்தாள். அவளுடைய தோள் குலுங்கியது.

"இல்லை மாமி," என்றான் கோகுலன். உண்மையாகவே அவனுக்கு ஒரு அந்தரமும் இல்லை. வீடு நிறைய ஆள் இருந்தது.