இருபத்தொன்பது அங்குலம்

ஸ்வெட்டர் பின்னப் போகிறேன் என்று பொய் சொல்லித்தான் என் மகன் டானரைக் கையை விரிக்கச் சொன்னேன். சிறைச்சாலையில், பார்வையாளர் கூடத்தில், சிப்ஸும் சோடாவும் விற்கிற இரண்டு இயந்திரங்களுக்கு முன்னால். அளவு டேப்பை உள்ளே விடமாட்டார்கள். நூலையும் விடமாட்டார்கள். தலையில் செருகிய கிளிப்பைக்கூடப் பிடுங்கி வைத்துக்கொள்கிற மகராசன்கள் அவர்கள்.

"ஸ்வெட்டருக்கு யாரும்மா சிலுவையில அறையுற மாதிரி நிக்க வெச்சு அளக்குறது?" என்று சிரித்தான்.

"வாய மூடிட்டு விரிடா."

விரித்தான். வலது கை சோடா இயந்திரத்தில் காசு போடும் இடத்துக்குப் போயிற்று, இடது கை சிப்ஸ் இயந்திரத்தின் கதவு விளிம்போடு நின்றது. அதற்குள் காவலாளி, "ஏய், ஏழாம் மேசை! கையை இறக்கு!" என்று கத்தினான். ஏதோ சுவரைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடப் போகிறவனைப் பார்த்துக் கத்துவதுபோல ஒரு கத்தல். நான் காபி வாங்குகிற சாக்கில் எழுந்து போய், இந்த இடத்திலிருந்து அந்த இடம்வரை சாண் போட்டேன். எட்டு சாணும் இரண்டு விரலும். என் சாண் சரியாக எட்டு அங்குலம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த அளவு வில்லுக்கு. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில், மான் வேட்டைக்கு. அந்த வில் செருப்பு மாதிரி, ஆளுக்கு ஆள் அளவு வேறு. ஒருவனுக்குப் பொருந்தினது இன்னொருவனுக்கு உதவாது.

எங்கள் வீட்டில் யாரும் வில் தொட்டதில்லை. என் புருஷன் ஆர்லினும் அவன் அப்பனும் துப்பாக்கிக்காரர்கள். ஆனால் சிறைக்குப் போய்வந்தவன் சாகிறவரை துப்பாக்கியைத் தொடக் கூடாது, அது சட்டம். இந்த வடக்கு விஸ்கான்சினில் அந்தச் சட்டம் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தவள். டானர் முதல் தடவை வெளியே வந்த வருஷம், நவம்பரில் துப்பாக்கி சீசன் திறந்ததும் ஊரே ஆரஞ்சு கோட்டைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டது. ஆர்லினும் போனான். பையன் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து, போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் ஆளைக் காணோம். பழைய கூட்டாளிகள், பழைய போதைத் தூள், ஒரு மருந்துக்கடையின் உடைந்த பின்கதவு, மறுபடி சிறை. இந்தத் தடவையும் அப்படிப் போனால் அவன் பிணமாகத்தான் வருவான் என்று எனக்குத் தெரியும். ஆர்லினுக்கும் தெரியும். அதனால்தான் துப்பாக்கிகளை எல்லாம் தம்பி வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, இனி நானும் வில்காரன் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டான். விடுதலையானவர்களைக் கவனிக்கிற கண்காணிப்பு அதிகாரி அம்மாவிடம் போய்க் கெஞ்சி அனுமதியும் வாங்கினான். கையால் இழுக்கிற வில் மட்டும் சரி, கட்டையும் விசையும் வைத்த குறுக்குவில் கூடாது, அது துப்பாக்கிக்குப் பங்காளி என்று அந்த அம்மா சொல்லிவிட்டாள்.

வில் கடை, மீன் தூண்டிலுக்குப் புழு விற்கிற கடைக்குப் பின்பக்கம் இருந்தது. டெக்ஸ்டர் என்று ஒரு தாடிக்காரப் பையன். வாயில் எப்போதும் சீஸ் துண்டு மெல்லுவான்.

"அறுபது பவுண்டு எடைக்கு இழுக்குறதா குடு. என் பையன் மரம் வெட்டினவன்" என்றான் ஆர்லின், கடைக்குள் கால் வைத்ததும்.

"பையன் இருக்கட்டும் பெரியவரே, மொதல்ல நீங்க இழுங்க. இப்படி உக்காருங்க. நாற்காலியில உக்காந்து, ரெண்டு காலையும் தரைக்கு மேல தூக்கிக்கிட்டு, நேரா இழுக்கணும். அப்படி இழுக்க முடிஞ்சாத்தான் அந்த எடை உங்களுக்குச் செட் ஆகும்."

ஆர்லின் உட்கார்ந்து காலைத் தூக்கினான். முகம் பீட்ரூட்டாகிவிட்டது. வில் மெல்ல மெல்ல மேலே கிளம்பியது.

"வானத்துக்குத் தூக்காதீங்க! மேகத்துலயா மான் மேயுது?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அத்தோடு சரி.

"நாணை இழுத்துட்டு அம்பு இல்லாம விட்டுறாதீங்க, வில்லு தெறிச்சிடும்" என்று டெக்ஸ்டர் அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டான். "சரி, அளவு சொல்லுங்கக்கா. கையை விரிச்சா எவ்வளவு?"

"அறுபத்தாறு அங்குலம்."

அதை இரண்டரையால் வகுத்தான். அதுதான் அவர்கள் கணக்கு, அதில் வருகிறதுதான் நாணை இழுக்க வேண்டிய நீளம். "இருபத்தாறரை. தம்பி குள்ளமோ?"

"ஆறடி ஒண்ணு" என்றான் ஆர்லின்.

"வராதே." மெல்லுவதை நிறுத்தினான். "நீங்க எவ்வளவு உசரம்? ஆறடியா? கையை விரிங்க பெரியவரே." அளந்தான். எழுபத்திமூன்று. "அப்பனுக்கும் மகனுக்கும் ஏழு அங்குலம் வித்தியாசமா? ஒண்ணு, அக்கா தப்பா அளந்திருக்கணும். இல்லைன்னா தம்பிக்கு ஒரு கை முழுசா நீளாது. முழங்கை ஒடைஞ்சு கோணலா கூடினவங்களுக்கு இப்படித்தான் வரும். மரமில்லுல அடிபட்டவங்களுக்கு நான் செட் பண்ணிக் குடுத்திருக்கேன். நீளத்தைக் குறைச்சு, எடையை முப்பதுக்கு எறக்கிட்டா எப்படியாச்சும் இழுத்துடலாம்."

சிப்ஸ் இயந்திரத்தின் விளிம்பில் நின்ற அந்த இடது கை கண்முன் வந்தது. எட்டவில்லை என்று நினைத்தேனா, காவலாளிக்குப் பயந்தான் என்று நினைத்தேனா? கோடைக்காலத்திலும் முழுக்கைச் சட்டை. இரண்டு காபியையும் என்னையே தூக்கிவரச் சொன்னது. வரும்போதும் போகும்போதும் ஒரு தடவை கட்டிப்பிடிக்க விடுவார்கள், அதிலும் முதுகில் ஒரு கைதான் விழும். அடப்பாவி மகனே, உள்ளே உன்னை என்னடா செய்தார்கள்?

"அவ தப்பா அளந்துட்டா" என்றான் ஆர்லின்.

"நான் ஒண்ணும் தப்பா..."

"சாணு போட்டு அளந்தாளாம்! சாணு! இருபத்தொம்பது வை டெக்ஸ்டர். எடை அறுபது." அவன் என் பக்கம் திரும்பவேயில்லை. கடையில் வைத்து எதற்குச் சண்டை என்று நானும் விட்டுவிட்டேன்.

டெக்ஸ்டர் தோளைக் குலுக்கிவிட்டு செட் பண்ணினான். நாணின் நடுவில், கண்ணை வைத்துக் குறி பார்க்கிறதற்கு ஒரு சின்ன வளையம் கட்டினான். "புது நாணு. ஒரு நூறு தடவை இழுத்தா முறுக்கு இளகி இந்த வளையம் திரும்பிக்கும், ஓட்டை வழியா எதுவும் தெரியாது. எல்லா வில்லுலயும் நடக்குறதுதான். பயப்படாம எடுத்துட்டு வாங்க, நேராக்கித் தரேன்."

அந்த வாரம் டானர் போன் செய்தபோது கேட்டேன். "கை எப்படிடா இருக்கு?"

"எந்தக் கை? ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு." கேட்டு முடிக்குமுன் பதில் வந்துவிட்டது.

செப்டம்பர் கடைசியில் விடுதலையாகி வந்து சேர்ந்தான். மேசையில் ஒரு பக்கம் அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷ், இன்னொரு பக்கம் அந்த வில். வலது கையால் தூக்கிப் பார்த்தான். முகம் பூவாகத்தான் மலர்ந்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

"எனக்காப்பா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரனுக்கா? இழுத்துப் பாரு."

"நாளைக்கிப்பா. இன்னிக்கி வயிறு ஃபுல்லு."

மறுநாளிலிருந்து அவன் வில்லோடு கொட்டகைக்குப் பின்னால் போவான். தனியாகப் பழகுகிறேன், யாரும் வேடிக்கை பார்க்க வரக் கூடாது என்று உத்தரவு. இலக்குக்கு வைத்த வைக்கோல் கட்டில் ஓட்டைகள் இருந்தன, நானே போய்ப் பார்த்தேன். கையால் அம்பைக் குத்தினாலும் ஓட்டை விழும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அக்டோபரில் தினமும் காட்டுக்குப் போனார்கள். மகனுக்கு ஒரு மரத்தில் பரண், அப்பனுக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்றில். பையன் நிறையச் சாப்பிட்டான். ராத்திரி தூங்கினான். பழைய கூட்டாளி ஒருத்தன் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தபோது, காலையில் வேட்டை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டான். பிழைத்துக்கொண்டான் என்றே நினைத்தேன்.

தினம் சாயங்காலம் சூப்பை உறிஞ்சிக்கொண்டே ஆர்லின் கேட்பான்.

"வளையம் திரும்பிடுச்சாடா? டெக்ஸ்டர்கிட்ட கொண்டு போகணும்."

"அசையவே இல்லப்பா. நல்ல சாமான்."

"ம். நல்ல சாமான்தான்."

டானருக்கு வில்லைப் பற்றி என்ன தெரியும்? திரும்பாமல் இருப்பதுதான் பெருமை என்று நினைத்துக்கொண்டு சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஆர்லின் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொள்வான்.

துப்பாக்கி சீசன் திறக்கிறதற்கு முதல் நாள் இருவரும் இருட்டும்போது திரும்பினார்கள்.

"ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரலம்மா" என்று டானர் நேராகத் தன் அறைக்குப் போய்விட்டான்.

பாத்திரம் துடைக்கிற துணியோடு என் பக்கத்தில் வந்து நின்ற ஆர்லின், தட்டைத் துடைக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"வந்துச்சு. எட்டுக் கிளை கொம்பு. அவன் பரணுக்கு நேர் கீழ வந்து நின்னு வாலாட்டிக்கிட்டு ஓக் மரத்துக் காய் தின்னுச்சு. அவன் வில்லைத் தூக்கினான். இடது கையை நீட்டப் பாத்தான். பாதியில நின்னுடுச்சு வெர்னா. வில்லைக் கொக்கியில மாட்டிட்டு, அது போற வரைக்கும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான்."

"சாணு போட்டு அளந்தது தப்புன்னியே! நான் அன்னிக்கே..."

"அன்னிக்கே எனக்கும் தெரியும். டெக்ஸ்டர் சொன்ன ஒடனே தெரிஞ்சுபோச்சு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "தெரிஞ்சுமா அறுபது பவுண்டு வாங்கின? நீ மனுஷனாய்யா? முப்பதுல வாங்கியிருந்தா அவன் இழுத்திருப்பானே!"

"மெதுவாப் பேசு." தட்டை வைத்தான். "கோணக் கைக்குன்னு ஒரு வில்லை வாங்கிக் குடுத்தா, நமக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அவன் அவ்வளவு பாடுபட்டு மறைச்சு வெச்சிருக்கான். அப்பன்கிட்ட சொல்ல முடியாத மாதிரி என்னமோ நடந்திருக்கு. அவனா வந்து, இதை என்னால இழுக்க முடியலப்பான்னு சொல்லுவான்னு தினமும் அந்த வளையத்தைப் பத்திக் கேட்டுப் பாத்தேன். சொல்ல மாட்டேங்கறான்."

"நீ கேட்டியா?"

"அதான் தினமும் கேட்டனே."

"வளையத்தையில்லய்யா கேட்ட! கையைக் கேட்டியா?"

தட்டை மறுபடி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். நான் மட்டும் என்ன கேட்டுக் கிழித்தேன்? போனில் ஒரு தடவை கேட்டதோடு நானும் வாயைக் கட்டிக்கொண்டவள்தானே. நாளைக்குக் காலையில், காபி கொடுக்கும்போது, சட்டைக் கையை நானே சுருட்டிவிட்டுக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். டெக்ஸ்டர் அரை மணியில் மாற்றித் தந்துவிடுவான் என்றுகூட நினைத்தேன்.

விடியும்போது காட்டின் நாலாப் பக்கமும் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தது. டானரின் கட்டிலில் போர்வை சிறையில் மடிக்கிற மாதிரி நறுக்கென்று மடித்துக் கிடந்தது. வில்லைச் சமையலறை மேசையில் வைத்திருந்தான், அம்புகள் எல்லாம் அதனதன் பிடிப்பில். முதல்நாள் ராத்திரி நான் போட்ட சத்தம் அவன் அறைவரை கேட்டிருக்கும். எங்கள் வீட்டுச் சுவர் அட்டைச் சுவர். ஆர்லின் வண்டியை எடுத்துக்கொண்டு தெரிந்த இடமெல்லாம் தேடிவிட்டு இருட்டியபின் தனியாக வந்தான்.

திங்கட்கிழமை அதிகாரி அம்மா வந்து உட்கார்ந்தாள். கண்காணிப்பை விட்டு ஓடினதற்குப் பிடிவாரண்டு போட்டாகிவிட்டது. இந்தத் தடவை பிடித்தால் சுலபத்தில் விடமாட்டார்கள், அது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேசையில் வில் அப்படியே கிடந்தது. எடுத்து வைக்க எங்கள் இருவருக்கும் கை வரவில்லை.

"இவ்வளவு கெஞ்சி அனுமதி வாங்கினீங்களே, அதைத் தொட்டாவது பாத்தாரா?" என்று கேட்டாள்.

"தெனமும்" என்றான் ஆர்லின். "தெனமும் இழுப்பான். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி அவன் கைக்கு..."

"ஒரு தடவைகூட இழுக்கல" என்றேன். "அந்த வளையத்தைப் பாருங்க, நேரா நிக்குது. அவன் இடது கை நீளாதும்மா. முழங்கை ஒடைஞ்சிருக்கு. உங்க ஜெயிலுக்குள்ளதான் ஒடைஞ்சிருக்கு. பெத்தவ நான் சொல்றேன்."

அந்த அம்மா தன் காகிதங்களைப் புரட்டினாள். முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு தடவை. "அப்படி எதுவும் இதுல இல்லையே" என்றாள்.

அவள் போனபின் ஆர்லின் வில்லைக் கையில் எடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்தான், காலைத் தூக்கவில்லை, இழுக்கவும் இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ தன்னுடைய சொந்த ரகசியத்தைத் தெருவில் போட்டு உடைத்தவளைப் பார்க்கிற மாதிரி.

"சொல்லிட்டியே வெர்னா" என்றான்.