காரணக் கட்டத்தில் ஒரு வரி

மருத்துவமனை வாசல் கடையில் ஒரு கிண்ணம் அரிசி நூடுல்ஸ் சாப்பிடாமல் மருந்தாளர் வென்லான் வேலைக்குப் போனதில்லை. கடைக்காரி குய்ஃபென் அக்கா, கேட்காமலே புளிக்கவைத்த காராமணிக்காயை ஒரு கை கூடப் போடுவாள்.

அந்த வருடம் மருத்துவமனையில் புது விதி வந்தது. வயிற்று அமிலம் குறைக்கும் மருந்தை இனிக் கண்டவருக்கெல்லாம் நரம்பில் ஏற்றக் கூடாது. டாக்டர் மருந்துச் சீட்டில் காரணம் எழுத வேண்டும், மருந்தாளர் சரிபார்க்க வேண்டும். தப்பு செய்யும் பிரிவின் பெயர் மாதாமாதம் பலகையில் ஏறும். நல்ல விதிதான். வென்லானும் முதல் வாரம் சீட்டுகளைத் திருப்பித் திருப்பி அனுப்பினாள்.

எலும்புப் பிரிவு டாக்டர் ஷாவ் போனில் எகிறினார். "நீங்க மாத்திரை எண்ணுற வேலையை மட்டும் பாருங்கம்மா! 'வயித்தைக் காக்குற மருந்து ஏன் ஏத்தலை'ன்னு சொந்தக்காரங்க என் சட்டையைப் பிடிக்கிறாங்க. நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

தினமும் இதே பாட்டு. அலுத்துப்போய் ஒருநாள் வென்லானே வழி சொன்னாள். "காரணக் கட்டத்துல 'வயிற்றுப்புண் வரும் அபாயம், தடுப்புக்காக'ன்னு போட்டுடுங்க டாக்டர். நான் விட்டுடறேன்."

அந்த வரி எல்லாப் பிரிவுக்கும் பரவியது. பலகை சுத்தமானது, இயக்குநர் பாராட்டினார். மருந்து மட்டும் முன்போலவே ஓடியது.

இலையுதிர் காலத்தில் குய்ஃபென் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. கடை மிளகாயை எல்லாம் தின்று செரித்த வயிறு அவளுடையது. இருந்தும் கிருமி மருந்தோடு அமில மருந்தும் இருபத்தொரு நாள் ஏறியது. வென்லான் வார்டுக்குப் போய் ஆரஞ்சுப் பழம் கொடுத்து நலம் விசாரித்தாள். ஆனால் அக்காவின் சீட்டை ஒருநாளும் படிக்கவில்லை. அந்த வரியைக் கண்டதும் விரல் தானாகத் திரையில் 'சரி' என்று தட்டியது; சீட்டில் அவள் பெயர் விழுந்தது.

பிறகு அக்காவுக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. குடலில் கிருமி என்றார்கள். எட்டே நாளில் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

கையில் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புப் பட்டையோடு அவள் கணவர் டான் மருந்து ஜன்னலுக்கு வந்தார். காராமணிக்காய் ஜாடி ஒன்றை உள்ளே நகர்த்தினார்.

"உனக்குன்னு எடுத்து வெக்கச் சொன்னா தங்கச்சி. இத்தனை மருந்து எதுக்குன்னு நான்தான் கத்துவேன். அவ, 'சும்மா இருய்யா, கீழே நம்ம வென்லான் பார்த்துதான் அனுப்புது'ம்பா."

வென்லான் ஜாடியைத் தொடவில்லை. "நான் பார்க்கலை அண்ணே... அந்த மருந்து அக்காவுக்கு வேண்டியதே இல்லை. அமிலம் குறைஞ்சா குடல்ல கிருமி பெருகும், அதுவும் இதுக்கு வழி விட்டிருக்கலாம். நான் படிச்சிருந்தா நிறுத்தியிருப்பேன்."

டான் ஜன்னலருகே குனிந்தார். "பார்க்கலைன்னா, எதுக்கும்மா உன் பேரைப் போட்டே?"

ஜாடியைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமலே அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இயக்குநர் சுத்தமான பலகையைக் காட்டிக் கைதட்டச் சொன்னார். வென்லான் எழுந்தாள்.

"தட்டாதீங்க. அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தவ நான்தான். பலகை சுத்தமா இருக்கு, குய்ஃபென் அக்கா இல்லை. விதி மட்டும் யாரையும் காப்பாத்தாது. அதுக்குக் கையெழுத்துப் போடுறவங்க கண்ணைத் திறந்து படிக்கணும். நான் படிக்கலை."