ஊழியத்தில் இருக்கிறாள்

அப்பாவின் முகம் திரையில் ரொம்ப வெளுத்துத் தெரிந்தது. கவியா கேமராவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தாள். இப்போது கறுத்துவிட்டது. மறுபடி கூட்டினாள். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியே வெயிலில் காய்ந்த மனுஷன், செத்த பிறகும் ஒரு நிறத்தில் நிற்கமாட்டேன் என்கிறார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், தகரக் கூரை போட்ட சபை அது. முன்னால் பெட்டியில் அப்பா. மேலே பேனரில் 'மோசஸ் முருகையன்' என்று போட்டிருந்தது. மோசஸ் என்று சபைக்கு வெளியே யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. பெட்டியருகே அம்மா வளர்மதி. கடைசி வரிசைக்கும் பின்னால், வயர் குவியலுக்கு நடுவே, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கவியா. சவுண்டு, கேமரா, பாட்டு வரியைத் திரையில் போடுவது, யூடியூப் லைவ் எல்லாம் அவள்தான். 'மீடியா டீம்' என்று வாசலில் ஐந்து பேர் படம் ஒட்டியிருக்கும். மற்ற நாலு பேரும் கல்யாணம், திருப்பூர், சென்னை என்று கழன்றுகொண்டார்கள்.

அவளை இதில் கோத்துவிட்டவரே அப்பாதான். ஆள் வேண்டுமென்று பாஸ்டர் வாயைத் திறந்ததும், "எம்பொண்ணு செய்வாங்கய்யா" என்று எழுந்து நின்றுவிட்டார். அது ஆச்சு பல வருஷம். போன மாதம்கூட அவரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"முடியலப்பா. ஒரு ஞாயித்துக்கெழமையாச்சும் ஒக்காந்து ஜெபம் பண்ண முடியுதா? நான் நின்னுக்கிறேன்னு பாஸ்டர்ட்ட சொல்லுங்க."

"வேலைன்னா நின்னுக்கலாம் கவி. ஊழியத்த எப்புடி நிறுத்துறது? வேற ஆளு வர்ற வரைக்கும் பாரு."

வேற ஆள் வரவில்லை. மாரடைப்புதான் வந்தது. நேற்றுச் சாயங்காலம் லாரியை நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுக்கும்போதே சரிந்துவிட்டார்.

குவைத்திலிருக்கும் அண்ணன் பிரேம்குமாருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. லைவ் மட்டும் அறுந்துவிடக் கூடாது என்று சபை மூப்பர் செல்லமுத்து காலையிலேயே சொல்லிவிட்டார். "ஒன்னய விட்டா யாருக்கும்மா தெரியும்? ஒரே ஆம்பளப் புள்ள, அவன் பாக்க வேணாமா?"

கவியா தலையாட்டினாள். அவள் இன்னும் அப்பாவைத் தொடவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே ஐஸ் பெட்டியில் வைத்துக் கண்ணாடியை மூடிவிட்டார்கள். காலையில் சவப்பெட்டிக்கு மாற்றும்போது அவள் இங்கே வயர் இழுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் மனசில் வைத்திருந்தாள்: மூடுவதற்கு முன்னால் குடும்பத்தார் முத்தம் கொடுப்பார்களே, அப்போது ஓடிப்போய் அந்தக் கன்னத்தை ஒருதரம் தொட்டுவிட வேண்டும்.

லைவ் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, பக்கத்தில் போனை வைத்திருந்தாள். அந்த ஊர் நெட்டுக்கு அது நிஜத்துக்கு ஒரு நிமிஷமாவது பின்தங்கித்தான் வரும். போனில் அண்ணனின் மெசேஜ் வந்தது: "கவி, பாஸ்டர் முதுகுதான் தெரியுது. அப்பாவ கிட்ட காட்டு." காட்டினாள்.

"குடும்பத்தார் வந்து கடைசி முத்தம் குடுங்க," என்றார் பாஸ்டர்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அம்மா குனிந்து முத்தம் கொடுத்தாள். நிமிர்ந்து, பின்னால் திரும்பி, "கவி, வாடி" என்று கையை நீட்டினாள். கவியா மேஜையைச் சுற்றி வந்துவிட்டாள். நேரம் பார்த்து, பாஸ்டர் மைக்கோடு ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றார். அது கூவென்று ஊளையிட்டது. மொத்தச் சபையும் திரும்பி அவளைப் பார்த்தது.

சவுண்டு நன்றாக இருக்கும் நாளில் ஒருவரும் திரும்பமாட்டார்கள். அப்பா ஒருவர்தான் பார்ப்பார். முதல் பாட்டு முடிந்ததும் கழுத்தைத் திருப்பி, வழிவிட்ட வண்டிக்குக் காட்டுவதுபோல் கையை உயர்த்துவார்.

பழகின கால் திரும்பி ஓடியது. மைக்கைக் குறைத்தாள். ஊளை அடங்கியது. அந்த அமைதியில் அம்மாவின் குரல் கேட்டது.

"இருங்க, கவி இன்னும் வரல."

"அது ஊழியத்துல இருக்குதும்மா, தொந்தரவு பண்ணாதீங்க," என்றார் மூப்பர், மெத்த மரியாதையாக. "கல்லறையில சனம் வெயில்ல நிக்குது."

மூடியை வைத்துவிட்டார்கள்.

கையெட்டும் தூரத்தில் ஒரு மைக் கிடந்தது. ஊருக்கெல்லாம் மைக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒன்றை எடுக்கக் கை வரவில்லை. அப்பாமேல் அப்படியொரு கோபம் வந்தது. கோபத்தின் பின்னாலேயே அழுகையும் வந்தது. நாலு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள்.

போனில் அப்பாவின் முகம் இன்னும் மூடாமல் இருந்தது. அங்கே அம்மா இப்போதுதான் குனிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். பின்னால் திரும்பிக் கையை நீட்டினாள்.

கவியா விரலால் அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். முகத்தின் மேல் நிறுத்தும் குறி வந்தது. மறுபடி தொட்டாள். படம் அப்படியே நின்றுவிட்டது.

வெளியே பாட்டு எடுத்தார்கள். சபை காலியானது. கேமரா, பெட்டி இருந்த இரண்டு ஸ்டூல்களைக் காட்டிக்கொண்டிருந்தது. போனின் மேல்பக்கம் அண்ணன் எழுதியிருந்தான்: "கவி, மூடிட்டாங்களா? வாசப் பக்கம் திருப்பு."

அவள் கேமராவைத் தொடவில்லை. அப்பாவின் கன்னத்திலிருந்து விரலையும் எடுக்கவில்லை. காலையிலிருந்து ஓடிய போன் நன்றாகச் சூடேறியிருந்தது.