மாடியில் தங்கிவிட்ட சண்டை

மாடியில் குடியிருந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்கும் அவன் மனைவியும் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போனபோது, கட்டில், பீரோ, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்; சண்டையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். விடிந்ததும் தன் படுக்கைக்கு மேலே கூரை சொட்டுவதைப் பார்த்து வீட்டுக்காரி மாடியேறினாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. சாவியைக் காணோம். மூடாத குழாய் ஓடிக்கொண்டிருந்தது, பாத்திரம் கழுவும் தொட்டி பிளந்திருந்தது, சுவரில் கண்ட இடத்திலெல்லாம் ஓட்டை. அடுப்படியில் ஆள் யாரும் இல்லாமல் இரண்டு குரல்கள் மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. “வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாங்க” என்றது பெண் குரல். “சொன்னா வாடகை பாக்கிய யாரு கட்டுறது, உங்கப்பனா? வாய மூடிக்கிட்டு மூட்டையக் கட்டு” என்றது ஆண் குரல். “திருட்டுத்தனமா போக என்னால முடியாது” என்று பெண் குரல் முடித்ததும், பாத்திரம் ஒன்று விழும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது. வீட்டுக்காரி குழாயை மூடினாள், இன்னொரு தடவை முழுக்கக் கேட்டாள், கீழே இறங்கி வந்து காபி போட்டாள்.

அவளைத் தெருவில் கண்டக்டரம்மா என்பார்கள். டவுன் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தே தலை நரைத்தவள். படியில் தொங்குகிறவன், அவள் ஒரு அதட்டல் போட்டால் நடு பஸ்ஸுக்கே வந்து நிற்பான். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை அப்படியே போட்டுக் கட்டியது அந்த மாடி. வாடகை வந்தால்தான் அவள் அடுப்பு எரியும். ஆகவே மறுநாளே புரோக்கரிடம் சொல்லிவிட்டாள். வீடு பார்க்க வந்தவர்களுக்குக் காற்றோட்டம் பிடித்தது, வெளிச்சம் பிடித்தது, அடுப்படிக்குள் நுழைந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு இளஞ்ஜோடி அங்கேயே நின்று ஆளுக்கொரு குரலின் கட்சியில் சேர்ந்து, தெருமுனை போய்ச் சேரும் வரை பேசிக்கொள்ளவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. மாடி காலியாகவே கிடந்தது.

அவளுடைய கொழுந்தனுக்கு அந்த வீட்டின்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். ஹார்டுவேர் கடையை மூடிவிட்டு ஒரு மாலை வந்தான், கூரையின் ஈரத்தை அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினான். “இப்படிக் கத்துற வீட்ட எவன் அண்ணி வாங்குவான்? சொந்தத்துக்குள்ளயே போகட்டும், எங்கிட்ட விட்டுடுங்க. ஏதோ பாத்துப் போட்டுத் தர்றேன்.”

“வாயில்லாம இருந்தப்பவே இந்த வீட்ட உனக்குத் தரல” என்றாள் கண்டக்டரம்மா. “இப்ப அதுக்கு வாய் வேற வந்திருக்கு. காபி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்பு.”

பிறகு ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தாள். வக்கீல் அதிகம் பேசாதவர். சேதத்தையெல்லாம் படம் எடுத்து வைக்கச் சொன்னார். அட்வான்ஸில் வாடகையையும் பழுதுச் செலவையும் கழித்துக்கொள்ளலாம் என்றார். அட்வான்ஸைத்தான் அந்த மனிதன் வாடகையாகவே தின்று தீர்த்துவிட்டானே என்றாள் இவள். அப்படியானால் நோட்டீஸ் விட வேண்டும், அதற்கு முகவரி வேண்டும் என்றார். அதுதான் இவளிடம் இல்லை. கடைசியில் சண்டையைப் பற்றிச் சொன்னாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“விட்டுட்டுப் போன பொருள்னா, எடுத்துக்கச் சொல்லி அவகாசம் கொடுத்துக் காத்திருக்கணும். குடியிருக்கிற ஆள்னா, காலி பண்ணச் சொல்லலாம். அது பொருளா, ஆளாங்கறதை நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

“என் வீட்டுல வாடகை தராம உக்காந்து வாயடிக்குது. ஆள்தான்” என்றாள் கண்டக்டரம்மா.

நோட்டீஸை மாடிக் கதவில் ஒட்டினாள். அது படிக்குமோ படிக்காதோ என்று, அடுப்படி வாசலில் நின்று தன் பழைய பஸ் குரலில் எழுத்தெழுத்தாக வாசித்தும் காட்டினாள். இரண்டு குரல்களும் முதல் தடவையாக நின்று கேட்டன. கெடு முடிந்த காலையில் சண்டை தானாகவே படியிறங்கியது. முன்னால் கனத்த காலடி, பின்னால் தயங்கித் தயங்கி ஒரு செருப்புச் சத்தம். கண்டக்டரம்மா நோட்டீஸின் நகலையும் குடையையும் எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு அதன் பின்னாலேயே நடந்தாள். சண்டை பஸ் ஏறியது, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தது. அவளிடம் தொழில் பழகிய பையன்தான் அன்றைக்குக் கண்டக்டர். மூன்று டிக்கெட் என்றாள். ஒன்றும் கேட்காமல் கிழித்துக் கொடுத்தான். பக்கத்து ஊர் வருவதற்குள் பாதி பஸ் பெண் குரலின் பக்கம் சேர்ந்துவிட்டது.

பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் சண்டை இறங்கி, சந்துக்குள் திரும்பி, நீலக் கதவு ஒன்றின் முன்னால் நின்றது. உள்ளே அந்தப் புருஷனும் மனைவியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த நாளிலிருந்து அவர்களுக்குள் ஒரு பேச்சு இல்லை. கண்டக்டரம்மாவைப் பார்த்த மெக்கானிக் எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

“யாரும்மா நீங்க? எந்த வீடு, எந்தப் பாக்கி? எல்லாம் சொல்லிட்டு, கணக்கு முடிச்சிட்டுத்தான வந்தோம்.”

அவன் வாய் மூடுமுன் வாசற்படியிலிருந்து அவனுடைய குரலே எடுத்துக் கொடுத்தது: “சொன்னா வாடகை பாக்கிய யாரு கட்டுறது, உங்கப்பனா?”

சந்தில் கதவுகள் திறந்தன. மெக்கானிக் தன் குரலை உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தப் பார்த்தான். அது அவன் கைக்கு அகப்படாமல், அதையே இன்னும் சத்தமாகச் சொன்னது. கண்டக்டரம்மா நோட்டீஸை நீட்டினாள். அக்கம்பக்கத்தார் பார்க்க அவன் கையெழுத்துப் போட்டான். உடைத்ததைத் தன் கையாலேயே சரிசெய்து, பாக்கியைத் தவணையில் தீர்ப்பதாக எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் அவன் குரல் வீட்டுக்குள் போய் அடங்கியது.

அவன் மனைவி இலையை மடித்துவிட்டுக் கை கழுவினாள். மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண். பேச்சு எப்போதுமே அளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு புருஷன் முன்னால் வந்து நின்றாள். “நான் போறேங்க. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்” என்றாள். பிறகு கண்டக்டரம்மாவிடம் திரும்பி, “மேல இன்னும் காலியாத்தான இருக்கு? பழைய கடை என்னைத் திரும்ப எடுத்துக்கும். வாடகை நான் தர்றேன்” என்றாள்.

“அட்வான்ஸ் உண்டு” என்றாள் கண்டக்டரம்மா. “காலி பண்றதுன்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லணும். அப்புறம், கொழுந்தன்னு ஒருத்தன் வந்து வீட்டப் பத்திப் பேசுவான், காதுல வாங்காத.”

திரும்பும் பஸ்ஸில் இரண்டு டிக்கெட் வாங்கினாள். அந்தப் பையன் கடைசி சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொன்றையும் கிழித்தான். பெண் குரல் அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. பதில் சொல்ல ஆளில்லாததால் மெதுவாகத்தான் பேசியது. வீடு வந்து சேர்ந்ததும் அது அடுப்படிக்குப் போகவில்லை, மாடிப்படியிலேயே தங்கிவிட்டது. வருஷங்கள் போய்விட்டன. மெக்கானிக் தவணையைத் தீர்த்தான், கூரை காய்ந்தது, கொழுந்தன் வேறு தெருவில் வீடு வாங்கினான். அந்தத் தெருவில் யார் வீட்டு வாசலில் சாமான் வண்டி வந்து நின்றாலும், “ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாங்க” என்று படியிலிருந்து குரல் வரும். மூட்டை கட்டியவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்கள். புதிதாக வீடு பார்க்க வருகிறவர்களுக்குப் புரோக்கர் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: தண்ணீர் காலையில் வரும், மோட்டார் பொது, குப்பை வண்டி முனையில் நிற்கும், அந்த வீட்டுப் படியில் ஒரு குரல் இருக்கிறது, ராத்திரியில் பேசாது.