டார்ச் பிடித்தவள்

வண்டி கண்ணில் படும் முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது. குத்தம்பாக்கம் தாண்டி, ப்ளாட் போட்டுக் கொடி நட்டிருக்கும் லேஅவுட்டின் நடு ரோட்டில் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்த எழிலரசி அப்படியே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே தங்கள் வண்டிகளோடு கூடும் பத்துப் பதினைந்து பேரும் சைலன்சர் உறுமலைத்தான் கேட்டார்கள், கேட்டு, "ப்பா!" என்றார்கள். அவளுக்கு மட்டும் அந்த உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. என்ஜினின் பெல்ட் பக்கத்திலிருந்து சன்னமாக ஒரு சீறல். பெல்ட்டை இழுத்துப் பிடித்திருக்கும் உருளையின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அடப்பாவி, இன்னுமா மாற்றவில்லை நீ, என்று பதறினாள். பதறிய மறுநொடியே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நீல நிற ஹோண்டா சிட்டி விடெக். இருபது வருஷத்துக்கும் மேல் பழசு. தெரியாதவன் பார்த்தால் கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் பழைய வண்டி என்பான். தெரிந்தவன் தொட்டுக் கும்பிடுவான். நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால் என்ஜினின் குரலே மாறும், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து கூலிங் கிளாஸோடு இறங்கியவன் நிர்மல். அவளுக்கு எட்டு வருஷம் புருஷனாக இருந்தவன். விவாகரத்து ஆகி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆளை மறந்துவிட்டாள், அதில் ஒன்றும் சிரமம் இருக்கவில்லை. வண்டியைத்தான் மறக்க முடியவில்லை.

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில், என்ஜின் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறவள். அந்த வண்டி அவள் சம்பளத்தில் வாங்கியது. "எம் பேர்ல போட்டா இன்சூரன்ஸ் கம்மி" என்று நிர்மல் சொன்னதை நம்பி அவன் பேரில் போட்டாள். மேனாம்பேட்டில் வாடகைக்கு இருந்த வீட்டின் போர்ட்டிகோவில் என்ஜினைப் பிரித்தவள் அவள். பதினாறு வால்வையும் ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் வைத்து உருட்டி உருட்டித் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்து, ஒழுகினால் மறுபடி தேய்த்து, கை காய்த்துப்போய்ச் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். நிர்மல் செல்போனில் வீடியோ எடுத்தான். 'என் வண்டி, என் கை' என்று பேர் வைத்து ஏற்றினான். படத்தில் தெரிந்த கை அவளுடையது, பேசின குரல் அவனுடையது. கீழே நூறு பேர், 'அண்ணா வேற லெவல்' என்று எழுதினார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. பேர் மட்டும் நிர்மல்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பிரிவது என்று ஆனபின் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிய அன்று, வண்டி தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நிர்மல் எல்லார் முன்னாலும் சிரித்தான். "இன்னாத்துக்கு? வேலை செஞ்சது நானு. அவ டார்ச் புடிச்சா, அவ்ளோதான்" என்றான். பெரியவர்களும் சிரித்தார்கள். அவளுடைய சொந்த மாமா, "உனுக்கு ஸ்கூட்டரு கீதே கண்ணு, அது போதாதா" என்றார். அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் இன்றைக்கும் அணையாமல் கிடக்கிறது. ராத்திரி சோற்றுப் பாத்திரம் கழுவும்போது, டார்ச் புடிச்சா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். பாத்திரம் நசுங்கும்.

இன்றைக்கு அவளை வரச் சொன்னது சம்பத். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, பழைய மிட்சுபிஷி லான்சர் ஒன்றைப் பெற்ற பிள்ளைபோல வைத்திருக்கிற மனிதர். "நிர்மலு ஞாயித்துக்கெழம வண்டிய விக்கறாம்மா. உனக்குத் தெரியணுமேன்னு சொன்னேன்" என்று போன் பண்ணியிருந்தார். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பார், பாவம்.

"இன்னா எழிலு, வழியனுப்ப வந்தியா?" என்றான் நிர்மல். "கண்ணு கிண்ணு வெச்சிடாத."

வாங்க வந்த பையன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிரசன்னா என்று பேர். கோயம்புத்தூர்க்காரன், ஐடி வேலை, பூந்தமல்லியில் ஃப்ளாட். டயரைத் தொட்டுப் பார்த்தான், பானெட்டைத் திறக்கச் சொன்னான், உள்ளே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தான். "அறுபத்தஞ்சாயிரந்தான் ஓடியிருக்குங்களா?" என்று வாயைப் பிளந்தான்.

"டாக்டர் வெச்சிருந்த வண்டி நைனா" என்றான் நிர்மல். "கோயிலுக்கு மட்டுந்தான் எடுப்பாரு. நாப்பதாயிரத்துல எங்கையில வந்திச்சு. வந்தவொடனே இன்ஜின தொறந்து புதுசு மாதிரி பண்ணேன்."

எந்த டாக்டர்? எந்தக் கோயில்? அந்த மீட்டர் புதுப்பேட்டையில் வாங்கியது. வெள்ளை முகப்போடு, வெளிநாட்டில் கழித்துப்போட்ட வண்டியிலிருந்து கழற்றி வந்தது; அழகாக இருக்கிறது என்று நிர்மல்தான் ஆசைப்பட்டான். போட்டவள் அவள். போட்ட அன்றைக்கு அதில் நாற்பதாயிரம் காட்டியது. வண்டியோ அதற்குள் இரண்டு லட்சத்தைத் தொட்டிருந்தது. முதலில் நிர்மல் அதை ஜோக்காகத்தான் சொன்னான். பிறகு கேட்டவர்கள் நம்பினார்கள். பிறகு ஒரு டாக்டர் வந்தார். டாக்டருக்கு அண்ணா நகரில் வீடு வந்தது. சொல்லிச் சொல்லி நிர்மலே அந்த டாக்டரை நம்ப ஆரம்பித்துவிட்டான்; ஒருநாள் அவளிடமே, "டாக்டர் எவ்ளோ நல்லா மெய்ண்டெய்ன் பண்ணிக்கீறாரு பாரேன்" என்றான். பொய் சொல்கிறவனைப் பார்த்திருக்கிறோம். தான் சொன்ன பொய்க்குத் தானே நன்றி சொன்னவனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"டைமிங் பெல்ட் எப்பங்க மாத்துனீங்க?" என்று கேட்டான் பிரசன்னா. பையன் மக்கு இல்லை.

"அதான் நாப்பதுல புதுசு போட்டோமே. இருபத்தஞ்சுதான் ஓடிக்கீது. லட்சம் வரிக்கும் பயமே இல்ல."

எழிலரசி கணக்குப் போட வேண்டியதே இல்லை, மனப்பாடமாக இருந்தது. அவள் பெல்ட் போட்டது மீட்டர் மாற்றுவதற்குப் பல வருஷம் முன்னால். மீட்டர் மாறியபோதே அது எண்பதாயிரம் ஓடியிருந்தது. அதற்கு மேல் இந்த இருபத்தைந்து. போதாததற்கு ஆயில் கசிவு வேறு பெல்ட் பக்கம் ஈரமாய்த் தெரிகிறது; எண்ணெய் குடித்த ரப்பர் எத்தனை நாளைக்கு? கீழே சுற்றும் தண்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேமையும் கட்டி வைத்திருப்பது அந்த ஒரு ரப்பர் வார்தான். அறுந்தால் மேலே இருப்பது நின்றுவிடும், கீழே இருப்பது நிற்காது. பிஸ்டன் ஏறி வந்து, திறந்த வாயோடு நிற்கும் வால்வுகளை முட்டி வளைக்கும். அவள் தேய்த்த வால்வுகளை.

சும்மா இருந்துவிடலாம். அப்போது அறுவது அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் கையில். நிர்மல் சிரித்துக்கொண்டே போய்விடுவான். இல்லையென்றால் நிர்மலை ஓரமாகக் கூப்பிட்டு, பேரிங் சீறுகிறது, இன்றைக்கு ஓட்டாதே என்று காதோடு சொல்லலாம். தனியாகச் சொன்னால் அவன் கேட்பான். எட்டு வருஷமும் தனியாகச் சொன்னதையெல்லாம் கேட்டு, மறுநாள் தன் யோசனை என்று வெளியே சொன்னவன்தானே. ஆனால் நாலு பேர் முன்னால் அவள் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகத்தான் செய்வான். உப்பு அதிகம் என்றால் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்வான்.

எழிலரசி நாலு பேர் முன்னால் சொன்னாள்.

"அந்த மீட்டரு புதுப்பேட்டைல வாங்கினது. வண்டி ரெண்டு லட்சத்துக்கு மேல ஓடியிருக்கு. பெல்ட்டு லட்சம் தாண்டிடுச்சி. நாந்தான் போட்டேன், எனக்குத் தெரியும். இன்னிக்கி இத்த முறுக்கினா அறுந்துடும்."

டீ கிளாஸைக் கையில் வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சம்பத் தலையைக் குனிந்துகொண்டார். பிரசன்னா அவளையும் நிர்மலையும் மாறி மாறிப் பார்த்தான். நிர்மலின் கழுத்து சிவந்தது. அவனுக்குத் தெரியும், அந்த ஒரு கணம் அவன் கண்ணில் எல்லாமே ஞாபகம் வந்தது தெரிந்தது. ஆனால் ஆமாம் என்றால் டாக்டர் செத்தார், வீடியோ செத்தது, ஏழு வருஷமாகக் கட்டிய அண்ணா பட்டம் செத்தது. அவன் என்ன செய்வான்?

"வயித்தெரிச்சல்" என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். "பாத்தீங்கல்ல? வண்டி கெடைக்கலன்ற வயித்தெரிச்சல். ஏய், வா. வந்து உக்காரு. உன் எதுக்கவே ஏழாயிரத்துக்கு ஏத்திக் காட்டறேன்."

"வேணாம் நிர்மலு" என்றார் சம்பத்.

எழிலரசி ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டாள். அவள் சீட்டை யாரோ பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். முன்னுக்கு இழுத்து, பட்டையை மாட்டினாள். காலி ரோடு, நேராக முக்கால் கிலோமீட்டர் போகும், இரண்டு பக்கமும் மஞ்சள் கல் நட்ட வெறும் மனைகள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் முகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் ஸ்கூட்டரோரம் நின்று பார்ப்பதற்கா ஒன்றரை வருஷம் கறுவினாள்?

நிர்மல் முறுக்கினான். முள் ஏறியது. நாலாயிரம், ஐயாயிரம். குரல் மாறியது. அம்மாடி, அந்தக் குரல்! அவள் கைகள் இரண்டும் தொடையில் இறுகின. அறு என்று பல்லைக் கடித்தாள். ஏழாயிரத்தில் அடுத்த கியர், மறுபடி ஏறியது, ஒரு பிசிறில்லை. ரோட்டின் கோடியில் பிரேக் போட்டுத் திருப்பினான். தூரத்தில் விசில் அடித்தார்கள்.

"இன்னா? அறுந்துச்சா?" என்றான்.

அவளுக்கு அவமானத்தில் காது அடைத்தது. அதே சமயம், இழவு, உள்ளே ஒரு பெருமையும் பொங்கியது. என்னமாய்ப் போகிறது! யார் உட்கார வைத்த வால்வு? இந்த இரண்டும் ஒரே வயிற்றில் எப்படிக் கிடக்கிறதோ.

"அவ்ளோதானா?" என்றாள். "செகண்ட்ல இன்னும் இழுக்கும். உனுக்குப் பயம்."

அவன் பார்த்தான். முதலில் முறுக்கியதைவிட மூர்க்கமாகக் கிளம்பினான். முதல் கியரிலேயே முள்ளை மீட்டரின் சிவப்புக் கோட்டுக்குள் கொண்டுபோனான். இரண்டாவது. குரல் மாறியது. ஏறியது. அவள் அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு 'சட்'. அதன்பின் அடியில் யாரோ ஆணிகளைக் கொட்டிக் குலுக்கியது போல ஒரு கடகடப்பு, ஒரு நொடிதான். பிறகு ஒன்றுமே இல்லை. டயர் ஓடும் சத்தமும் ஜன்னல் காற்றும்தான். வெள்ளை மீட்டரில் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. கனத்துப்போன ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, நிர்மல் வண்டியை ஓரத்துக் கல் பக்கம் உருட்டி நிறுத்தினான். அவன் வாய் திறந்திருந்தது. அவள் காத்திருந்த முகம் அதுதான். பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள். பதினாறு வால்வில் எத்தனை போயிருக்கும் என்று மனம் எண்ணத் தொடங்கியது. அதை அடக்கினாள்.

"ஃபியூஸா இருக்கும்" என்றான் நிர்மல். இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். தூரத்திலிருந்து சம்பத்தும் பிரசன்னாவும் மற்றவர்களும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். நிர்மல் என்ஜினைப் பார்த்தான். எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம் அதன்மேல் கேமராவைத்தான் பிடித்திருந்தான். வியர்த்த கையைச் சட்டையில் துடைத்தான். பழைய பழக்கம், அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"எழிலு, இன்னான்னு கொஞ்சம் பாரேன்."

ஓடி வந்தவர்கள் வந்து சேர்ந்து, மூச்சு வாங்க நின்றார்கள். எழிலரசி ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றினாள். சூடான எண்ணெய் வாசம் அடித்தது. அவள் வீட்டு வாசம். மூடியை நிர்மல் கையில் கொடுத்தாள், வாங்கிக்கொண்டான். செல்போனை எடுத்து டார்ச்சைப் போட்டாள். அந்தச் சின்ன ஓட்டைக்குள் வெளிச்சத்தை இறக்கினாள்.

"சம்பத்ண்ணா, நீங்க பாருங்க. தம்பி, நீங்களும் வாங்க, வந்து பாருங்க" என்றாள். பிறகு நிர்மலிடம், "போயி சாவிய அடி" என்றாள்.

அவன் போனான். உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். கீழே எந்தத் தடையும் இல்லாமல் ஸ்டார்ட்டர் விர்ரென்று வெறுமனே சுற்றியது. ஓட்டைக்குள் விழுந்த வெளிச்ச வட்டத்தில் கேம், தங்க நிற எண்ணெய் பூசிக்கொண்டு, அவள் வைத்த இடத்தில் பளபளவென்று கிடந்தது. மயிரிழைகூட அசையவில்லை. எண்ணெய் மட்டும் ஒரு சொட்டு திரண்டு, நுனிக்கு வந்து, தொங்கியது.

டார்ச் அவள் கையில் ஆடாமல் நின்றது.

"இன்னொரு தபா அடி" என்றாள்.

அடித்தான்.