சிப்பி பதித்த குழாய்

ரோமர் ஆளும் பிரிட்டனில், கமுலோடுனம் நகரத்தின் மேற்கு வாசலுக்கு வெளியே கல்லறைகளைத் தோண்டி ஈயச் சவப்பெட்டிகளைத் திருடுகிறார்கள் என்று புகார் வந்தது. அந்த ஈயம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, நகரத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்வையிடும் என்னை நகர மன்றம் அனுப்பியது.

திருடர்கள் பிணங்களைப் பள்ளத்தில் கொட்டியிருந்தார்கள். நாய்கள் இழுத்தது போக மிஞ்சியதைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள் வெரிகுண்டா. குளிப்பு மண்டபத்துக்கு எதிரே சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள். கூடையில் இருந்தது அவள் புருஷன் செனிகியானுஸ்.

"அந்தப் பெட்டிதான்யா வேணும். உசிரோட இருந்தப்பவே வெட்டவெளியில படுக்கப் பயப்படுவாரு."

ஊரில் ஈயம் வாங்குகிறவன் குழாய்க்காரன் பெலிகஸ் ஒருவன்தான். அவளும் என்னோடு வந்தாள். பட்டறை வாசலிலேயே முத்திரை குத்திய ஈயக்கட்டி ஒன்றைப் போட்டிருந்தான்.

"பாருங்கய்யா, மேற்கு மலைச் சுரங்கத்துச் சரக்கு. பிணப்பெட்டிய நான் தொடுவேனா? தூ!"

குனிந்து பார்த்தேன். முத்திரையில் செத்துப் பல தலைமுறை ஆன சக்கரவர்த்தியின் பெயர். ஒரு மூலைகூட வெட்டப்படவில்லை. மேலே கோழி எச்சம் காய்ந்திருந்தது.

"இதுல ஒரு துண்டுகூட எடுக்கலியே. கடைசியா எங்கடா குழாய் போட்டே?"

அவன் வெரிகுண்டாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"என் கடையிலதான்," என்றாள் அவள். "போன மாசம். விதவைன்னு பாதி விலைக்குப் போட்டான்."

கடைக்கு இழுத்துப்போய் அவன் கையாலேயே குழாயை ரம்பத்தால் அறுக்க வைத்தேன். வெளிப்பக்கம் வழவழப்பாக, அவன் பெயரோடு இருந்தது. வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள். உருக்க விறகு செலவாகுமென்று பெட்டி மூடியை அப்படியே சுருட்டி, அலங்காரம் உள்ளே போகும்படி பற்றவைத்திருந்தான். உள்ளே வரிசையாகச் சிப்பிகள். ஓரத்துச் சிப்பி மட்டும் தலைகீழாக இருந்தது.

"இதுக்குத்தான் பெட்டி செஞ்சவனோட சண்டை போட்டேன்," என்றாள் வெரிகுண்டா.

மடிப்பில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, பிணத்தைச் சுற்றிக் கொட்டுகிற சுண்ணாம்பு. அதில் துணியின் நெசவு பதிந்திருந்தது. கூடவே, கொழகொழவென்று ஊறிய நரைமுடி.

"இந்தத் தண்ணியிலதானே பருப்புக்கஞ்சி..." அவள் தெருவுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். மத்தியானம்தோறும் அந்தக் கஞ்சியைக் குடித்தவன் நான். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கிண்ணம் வாங்கியதும் உண்டு.

"தண்ணி ஓடி ஓடிச் சுத்தமாத்தாம்மா இருக்கு," என்றான் பெலிகஸ். "உருக்கிப் புதுப்பெட்டியா வார்த்துத் தரேன்."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "உருக்கினே, கையை ஒடிப்பேன். அடிச்சு விரிடா. அவரையும் நீயே எடுத்து வை."

முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓங்கரித்து ஓங்கரித்து, அவனே எலும்புகளை அந்தத் தகட்டில் வைத்து மடித்தான். நகர மன்றம் அவனை என்ன செய்யும் என்பதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"மூடி வந்திருச்சு. அடிப்பெட்டி எங்கடா?"

"வெளியூருக்கு வித்துட்டேம்மா. சாமி சத்தியமா!"

சொல்லிவிட்டுக் கை கழுவ எதிரே குளிப்பு மண்டபத்துத் தொட்டிக்குப் போனான். குழாய் வாயில் நீட்டிய கையைத் தண்ணீர் படுமுன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தொட்டியைச் சுற்றி நாலைந்து பேர் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெரிகுண்டா குனிந்து ரம்பத்தை எடுத்தாள்.